கை கவனம், சேர்

மெரிலேண்ட்ஸில் நான் வேலை செய்யும் கராஜுக்கு ஒருவர் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்த மின்சாரப் பிக்கப் ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத சேட்டு. கையில் ஒரு துணி இருக்கும். கதைக்கும்போதும் வண்டியைத் துடைத்துக்கொண்டே நிற்பார்.

வண்டியின் மூலையெல்லாம் கூர். நடந்து போகிறவரைக் கிழிக்கும் கூர் இருந்தால் ஐரோப்பாவில் றோட்டில் விடமாட்டார்களாம். இங்கேயும் அப்படித்தான். சோதனையில் பாஸானால்தான் நம்பர் பிளேட். அதற்காக அவர் மாதக்கணக்காய்க் காத்திருந்தார்.

சோதிக்கிற வெள்ளைக்காரர் வந்தார்.

"ஒரு இடத்திலயும் கூர் இல்லை சேர். வடிவாப் பாருங்கோ" என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

வெள்ளைக்காரர் முன்மூலையைத் தடவக் கை நீட்டினார். இவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"கவனம் சேர், வெட்டிப்போடும்!"

வெள்ளைக்காரர் இவரைப் பார்த்தார். பெயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?" என்று கேட்டேன்.

"வந்த மனுசன் தம்பி. கை வெட்டுப்பட்டாப் பாவமெல்லோ."

"அப்ப றோட்டால போற சனம்?"

கொஞ்சம் யோசித்தார். "அவையளுக்கும் சொல்லலாம்தானே."

பிக்கப் திரும்பவும் இழுவை வண்டியில் ஏறியது. தெருமுனை வரைக்கும் இவர் அதற்கு முன்னால் நடந்தார். நடைபாதையில் நின்ற எல்லோரையும் கும்பிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு புறாவையும் கலைத்துவிட்டார்.

இவ்வளவு கவனமான மனிதர் அந்த வண்டியை ஏன் வாங்கினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.