நெஞ்சு வாடகைக்கு விடப்படும்

நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்த்து முடிக்கும்வரை ஆலிஸக்கா யாருடைய வணக்கத்துக்கும் பதில் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் போன நாற்காலிகள் திரும்பி வந்து வாசலில் இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிக் கவிழ்த்து, அடியில் மஞ்சள் பெயின்டில் ‘ஆலிஸ்’ என்று இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் முதுகில் ஒரு தட்டு. நாற்காலி அடுக்குக்குப் போய்விடும். இல்லாவிட்டால், கொண்டுவந்தவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. “இது எம் பொண்ணு இல்ல. எம் பொண்ண எங்க வுட்டுட்டு வந்த?” என்று கேட்பார். நாற்காலிகள் எல்லாம் பெண்களாம், அண்டாக்கள் ஆண்களாம். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன். “அண்டாவுக்குத் தொப்ப கீதே” என்றார்.

அந்த மஞ்சள் எழுத்துக்கான அச்சை ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டி வைத்திருக்கிறார். கணவர் அருள்பிரகாசத்தின் நெஞ்சு எக்ஸ்ரே அது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விலா எலும்புகளுக்கு நடுவில் ‘ஆலிஸ்’ தெரியும். மனிதரும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அவர் கடையின் குட்டியானை வண்டியை ஓட்டுகிறார். பேச வேண்டியதையெல்லாம் ஹாரனிலேயே பேசிவிடுவார்.

ராயபுரத்தில் பனைமரத்தொட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். ஷாமியானா, நாற்காலி, அண்டா, கரண்டி, சீரியல் விளக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். விலைக்கு ஒரு ஸ்பூன்கூடக் கிடைக்காது. காலொடிந்த நாற்காலியை எடைக்குப் போட மனம் வராமல், கட்டை வைத்துக் கட்டி, ‘ஜாமான் வைக்க’ என்று பாதி வாடகைக்கு விடுவார். “வித்தா அத்தோட பூட்ச்சி. வாடகைக்கு வுட்டா, எங்க சுத்தினாலும் வூட்டுக்கு வந்துடும்” என்பது அவர் வியாபாரக் கொள்கை. அந்த நாற்காலிகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் ஒரு கால்பந்து டீமும் வாடகைக்கு இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

தெரியவந்தது இப்படி. என் அக்கா மகள் மகிழினிக்கு முதல் பிறந்தநாள் என்று நாற்காலி சொல்லப் போயிருந்தேன். பாப்பா போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். பேனருக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து அனுப்பிவைத்தேன். “சனிக்கெயம மேட்சுக்கு நெஞ்சு காலியா கீது. பாப்பாவ போட்டுக்கலாம். நாற்காலியோட சேத்து சல்லிசா தரேன்” என்றார். ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன். என் சுபாவம் அப்படி. கேட்பவர் முகத்தைப் பார்த்து மறுக்க வராது.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களும் ஐஸ் உடைக்கிறவர்களுமாகப் பதினோரு தடி ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் நெஞ்சிலும் மொட்டைத் தலையும் திருஷ்டிப் பொட்டுமாக எங்கள் மகிழினி சிரிக்கிறாள். டீமின் பெயர் பனைமரத்தொட்டி பாய்ஸ். பாய்ஸ் என்பது பெயரில்தான். பின்வரிசையில் தடுத்தாடுகிற ஸ்டாப்பர் ஜோபினுக்குக் கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். பந்தோடு பாய்ந்து வந்த எதிரணி ஃபார்வர்டு, ஜோபினின் நெஞ்சைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் அவன் காலிலிருந்து பந்து போனது, பின்னாலேயே அவன் போடவேண்டிய கோலும் போனது. அந்த மேட்சை நாங்கள் ஜெயித்தோம். ‘நாங்கள்’ என்று எழுதும்போதே தெரிகிறது பாருங்கள், நானும் மாட்டிக்கொண்டேன்.

நெஞ்சு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டீமிடம் இருந்தது ஒரே ஒரு செட் ஜெர்சி. ஸ்பான்சர் பெயரை அதில் அச்சடித்துவிட்டால் அடுத்தவருக்கு விட முடியாது. அதனால் செருப்பில் வருமே, பர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை, அதை எல்லா ஜெர்சியின் நெஞ்சிலும் தைத்துவிட்டார் ஆலிஸக்கா. மேட்சுக்கு மேட்ச் துணி மாறும். ஒரு வாரம் ஐஸ் கம்பெனி, மறுவாரம் பேண்டு செட், அதற்கடுத்த வாரம் பல் டாக்டர். பந்தல் சொல்ல வருபவர், பாத்திரம் திருப்ப வருபவர், வழி கேட்க வருபவர் எல்லாரிடமும் நெஞ்சு காலியாக இருக்கிற விவரத்தைச் சொல்லிவிடுவார்.

டீம் அவர் கைக்கு வந்ததே வாடகை பாக்கிக்குப் பதிலாகத்தான். பழைய கமிட்டிக்காரர்கள் மேடை, ஷாமியானா என்று ஜோராக ஆண்டுவிழா நடத்திவிட்டு, முடிந்ததும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்களாம். கொடுக்க ஒன்றுமில்லை, வேண்டுமானால் டீமை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். “சரி, இன்னா சரக்குன்னு பாத்துட்டு வர்லாம்னு போனேன். மய பேஞ்சிகினு கீது. வேடிக்க பாக்க ஒரு ஆளு இல்ல. ஒருத்தனுக்கும் அஞ்சு பைசா கெடையாது. தோக்கப் போறோம்னு வேற தெரியும். அப்பவும் சேத்துல உருண்டுகினு கீறானுங்கோ. எனுக்கு இன்னாவோ ஆய்ட்ச்சி” என்றார் ஆலிஸக்கா. அன்றிலிருந்து செயலாளர், பொருளாளர், சலவைக்காரர் எல்லாமே அவர்தான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. ஓரத்தில் இருப்பவர் கொடியைத் தூக்கினால் திட்ட வேண்டும், அந்த அளவுக்குத் தெரியும்.

மூன்றாவது டிவிஷன் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் வைத்தாலும் வாங்க ஆள் கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டைத் தேடி வந்தவர்கள். செலவில் மட்டும் நமக்கும் பெரிய டீமுக்கும் வித்தியாசமே இல்லை. பந்து, ஷூ, வாழைப்பழம், கணுக்காலுக்குக் கட்டு, லீக்குக்கு வருடக் கட்டணம் என்று வரிசையாக நிற்கும். வண்டிச் செலவு ஒன்றுதான் மிச்சம். குட்டியானையில் அண்டாக்களுக்கு நடுவே டீம் உட்கார்ந்து போகும். கோல்கீப்பர் பெரிய அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்வார்.

போன சீசனின் கடைசி மேட்சில்தான் வினை வந்தது. வருடக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கட்டாவிட்டால் லீக்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி வேண்டுமென்றால் கடைசி டிவிஷனிலிருந்து ஏறி வர வேண்டும். ஆலிஸக்கா யோசித்தார். மண்டபத்தைக் காலையில் ஒரு வீட்டுக்கும் மாலையில் இன்னொரு வீட்டுக்கும் விடுவதில்லையா? அதே கணக்கில் முதல் பாதிக்கு ஒருவருக்கும் இரண்டாம் பாதிக்கு இன்னொருவருக்கும் நெஞ்சை விட்டார். முதல் பாதி, சபீஹா பிரியாணி. இரண்டாம் பாதி, டில்லிபாபு ஃப்ரீசர் பாக்ஸ். இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற குளிர்பெட்டி அது. இருபத்துநாலு மணி நேர சேவை.

சபீஹா நல்ல மனுஷி. தன் பெயரை நெஞ்சில் போட்டு ஆடுகிறார்கள் என்று குடும்பத்தோடு வந்திருந்தார். இடைவேளையில் வீரர்களுக்கு என்று ஒரு தேக்சா பிரியாணியும் கொண்டுவந்திருந்தார். பாய்ஸ் அதை வஞ்சனை இல்லாமல் தின்றார்கள். தின்ற கையோடு, பர்ர், பர்ரென்று பிரியாணியைப் பிரித்துவிட்டு ஃப்ரீசர் பாக்ஸை ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். வயிறு நிறைந்ததால் ஒருவராலும் ஓட முடியவில்லை. ஜோபின் புல்தரையில் மல்லாந்து படுத்தே விட்டார், நெஞ்சில் டில்லிபாபுவின் போன் நம்பரோடு. அதை யாரோ போட்டோ எடுத்தார்கள்.

மாலைக்குள் அந்தப் போட்டோ காசிமேடு வரை போய்விட்டது. “எம் பிரியாணிய துன்னுட்டுப் பொட்டில படுத்துக்கினா மாரி கீதேக்கா. நாளைக்கு எங்கைல யாரு வாங்கித் துன்னுவாங்க?” என்று சபீஹா கேட்டார். கோபத்தைவிட அழுகைதான் அந்தக் குரலில் அதிகம். ஆலிஸக்கா மறுநாள் அவர் கடைக்கே போய், எல்லார் எதிரிலும் தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி நின்றார். சபீஹா டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நெஞ்சு இனி வேண்டாம் என்றுவிட்டார். பல் டாக்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பேண்டு செட்டுக்காரர் போனையே எடுக்கவில்லை. டில்லிபாபு ஒருத்தர்தான் அடுத்த சீசன் முழுவதும் நெஞ்சை எடுத்துக்கொள்வதாகத் துடித்தார். அவருக்கு விட்டால் டீமுக்கே பாடை கட்டினாற்போல் ஆகிவிடும் என்று ஆலிஸக்கா மறுத்துவிட்டார்.

நெஞ்சு காலியாகக் கிடந்தது. கட்டணத்துக்கு வழி இல்லை. அந்த நேரம் பார்த்து வந்தார் அன்பரசன்.

அன்பரசன் எண்ணூரில் டிரெய்லர் லாரிகள் வைத்திருப்பவர். கால்பந்துப் பைத்தியம். மூன்றாவது டிவிஷனில் ஒரு டீம் வேண்டும், கீழேயிருந்து ஏறி வரப் பொறுமை இல்லை. டீமை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகவும், கட்டணத்திலிருந்து வாழைப்பழம் வரை தன் பொறுப்பு என்றும், பெயரை மட்டும் தன் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். விலையையும் சொன்னார். வெளியே குட்டியானையில் உட்கார்ந்திருந்த அருள்பிரகாசம் ஹாரனைத் தன்னையறியாமல் அழுத்திவிட்டார்.

ஆலிஸக்கா ஒரு நாற்காலியை எடுத்து, வழக்கப்படி அடியைப் பார்த்துவிட்டு, அன்பரசனுக்குப் போட்டார். “இங்க விக்கிறதில்ல நைனா. வாடகைக்கு வோணா எட்த்துக்கோ. ஒரு சீசன். நெஞ்சு உன்னுது, நோட்டீசுல பேரு உன்னுது. லீக்குல பதிஞ்ச பேரு மட்டும் எங்குளுது” என்றார்.

அன்பரசன் சிரித்தார். கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் வாடகை பேசுகிறீர்களே என்றார். ஆலிஸக்கா சிரிக்கவில்லை. “கட்லன்னா எங்க பேர அட்ச்சுடுவான். வாஸ்தவந்தான். அப்பால நீ யாராண்ட வாங்குவ? நீயும் கடசி டிவிசன்லேந்துதான் வர்ணும்.” அன்பரசன் டீயை அடிவரை குடித்தார். பிறகு சரி என்றார். காரில் ஏறும்போது திரும்பி, “ஒரு வருசம் எம் பேர்ல ஆடட்டும்க்கா. அப்பால உங்க பசங்களே பழைய பேருக்குத் திரும்ப மாட்டானுங்கோ, பாருங்க” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிந்த நிலவரத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அவர் எழுந்துபோன நாற்காலியில் ஆலிஸக்கா உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. “போன அண்டாலாம் திரும்பி வந்துட்ச்சா இன்னா? வராத அண்டாவும் கீது. பயமா கீதுபா” என்றார். இந்த அம்மாளைக் கிண்டல் செய்தே பழகிவிட்டவன் நான்; அவர் குடிக்க ஒரு டீ வாங்கிவரப் போனேன்.

கட்டணம் கட்டியாயிற்று. சீசன் தொடங்கும் முன்னே புது ஜெர்சி வந்து இறங்கியது. கருநீலம், பளபளப்பு, நெஞ்சில் பெரிதாக ‘அன்பரசன் டிரெய்லர்ஸ்’ என்று அச்சு. ஒட்டுப்பட்டை இல்லை, பிரிக்க முடியாது. பாய்ஸ் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கோல்கீப்பர் அண்டாமேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தார். ஜோபின் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “சோக்கா கீதுபா. இத்தினி வருசம் இன்னாத்துக்கு அந்தக் கலீஜ மாட்டிகினு சுத்துனோம்” என்றார். ஆலிஸக்கா காதில் அது விழுந்தது. கேட்காதவர் மாதிரி அவிழ்ந்த ஷாமியானா கயிறைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சுற்றி முடித்துவிட்டு, “ஜோபினு, உன் முட்டி எக்ஸ்ரே வூட்ல கீதா?” என்று கேட்டார்.

ஜோபினின் முழங்கால் ஃபிலிமில் ‘ப.பா.’ என்று பனைமரத்தொட்டி பாய்ஸின் முதலெழுத்துகளை வெட்டினார். ஜெர்சிகளை எல்லாம் உள்புறமாகத் திருப்பிப் போட்டு, காலரின் உட்பக்கத்தில் அச்சை வைத்து, நாற்காலிக்கு அடிக்கும் அதே மஞ்சள் பெயின்டை அடித்தார். காய்ந்ததும் பாய்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். பெயின்ட் வாடை, போதாததற்குப் பின்கழுத்தில் அரிப்பு. “அரிக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

முதல் மேட்சை ஜெயித்தோம். அன்பரசன் ஆட்களைக் கூட்டிவந்து பட்டாசு வெடித்தார், மேளம் அடித்தார், தன் பெயரைச் சொல்லிக் கத்தச் சொன்னார். ஊரும் கத்தியது. நான் ஓடிப்போய் ஆலிஸக்காவிடம் வாழ்த்துச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கோட்டோரமாக நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, வியர்வைக் காலரைப் பின்னாலிருந்து திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தெரிந்ததும் முதுகில் ஒரு தட்டு. ஆள் வண்டிக்குப் போவார்.

மேளக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டிருந்ததால் ஜோபின்தான் கடைசி. வண்டி நின்ற பக்கம் நேராகப் போயிருக்கலாம். இறக்கிவிடச் சொல்லி, அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கோட்டோரத்துக்கு வந்தார். ஆலிஸக்காவைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் அவர். கூப்பிடாமலே முன்னால் வந்து, திரும்பி நின்று, அவர் கைக்கு எட்டும்படி குனிந்து, காலரைத் தானே மடித்துக் காட்டினார். ஆலிஸக்கா பார்த்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.