மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்தி

கீழ்வீட்டுக்காரர் தொட்டிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறார். மூன்றாவது மாடியில் எனக்குக் காபி இறங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னோடு வாருங்கள். இந்த நாற்றம் நேராகக் கள்ளிக்குப்பத்துக்குத்தான் போகும்.

அங்கே எங்கள் பழைய வீட்டு மதிலோரம் ஓர் அடுக்குச் செம்பருத்தி இருந்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பாயைவிட்டு எழவே மாட்டார் அப்பா. அவரை எழுப்பியது பூச்சிதான். ஒருநாள் மொட்டுகளின் கழுத்தில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளையாய் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து விடிந்ததும் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் கணுக்கணுவாகத் தேய்ப்பார். ஆபீசுக்குக் கிளம்பும்போது அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி. மாவுப்பூச்சிக்கு மனசுக்குள் நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "எறும்புதான் தூக்கினு வந்து உடுது." பூச்சி விடும் இனிப்புப் பிசினுக்காக எறும்பு அதைச் சுமந்து காக்குமாம். அடித்தண்டில் துணி சுற்றி, கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்த கிரீஸை அப்பினார். ஏற வந்த எறும்பெல்லாம் அதில் ஒட்டிச் செத்தன.

வந்தது வினை. அவை கருப்பு எறும்பு. அம்மாவுக்குச் சாமி எறும்பு. சிவப்பு எறும்பென்றால் அம்மாவே செருப்பால் தேய்த்துவிடுவார், அது வேறு கதை.

"இன்னாய்யா இது, சாமி எறும்ப சாவடிச்சிகினு கீற. வேல போனது பத்தாதா?"

கிரீஸ் துணியை அப்பாவே அவிழ்த்தார். அப்புறமும் தினமும் தேய்த்தார், பாவம். இலை சுருண்டது, மொட்டு உதிர்ந்தது, மழைக்கு முன்பே தண்டு காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செடிகளுக்கும் பரவும் என்று அம்மா ஆள் வைத்து வெட்டினார்.

மறுநாளும் அப்பா எழுந்து சோப்பு கரைத்துவிட்டார். சோப்புத் தண்ணீர் மக்கோடு மதிலோரம் நின்றவரை அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார். "அதான் வெட்டியாச்சேய்யா. ஊட்டுக்குள்ள வா."

அப்பா தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்று அந்த வீடும் மதிலும் இல்லை. அங்கே கார்கள் நிற்கின்றன. அம்மாவும் இல்லை. அப்பா எப்போது இறந்தார் என்று யாராவது கேட்டால் தேதி சொல்கிறேன். எனக்கு அவர் போனது அந்தக் காலையில்தான்.