திறக்காது என்று நான் சொன்ன மரப்பட்டியல்

ஆறுமுகத்து ஐயனே, அறிந்தே நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்ல என் நாவில் நின்று அருள்வாயாக.

பங்குனி உத்திரமாகிய இந்த நன்னாளில் ஜமுனாமரத்தூரில் அமர்ந்து இதை எழுதுகிறேன். ஆவி, மாயம் என்று எவரேனும் தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். நாள்தோறும் பதிகம் ஓதுகிற வாய்க்கு அந்தப் பேச்செல்லாம் எதற்கு என்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் என்மேல் வருத்தமில்லை.

எங்கள் மலையில் நிலம் ஒருவருடையதாக இருக்கும், அதில் நிற்கும் புளியமரத்தை உலுக்கும் உரிமை வேறொருவருடையதாக இருக்கும். மரங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். கூனி, இரட்டைச்சடை, இடிவாங்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எந்த மரம் எவருடையது என்ற பட்டியலைப் புளி சேகரிப்போர் சங்கத்தின் செயலர் என்ற முறையில் நான்தான் கணினியில் பதிந்து வந்தேன். அதற்கான நிரலை எழுதித் தந்தவர் வாணியம்பாடி தாவூத் பாய், என் நண்பர். அது பதினாறு பிட் காலத்து நிரல். ஐந்தாண்டுகளுக்கு முன் சங்கத்துக்கு அறுபத்துநான்கு பிட் கணினி வந்தபோது, இந்த இயங்குதளத்தில் இது இயங்காது என்று ஒரு பெட்டி திரையில் எழுந்து மறுத்துவிட்டது. அதோடு பதிவையும் நிறுத்திவிட்டோம்.

தாவூத் பாய் சிரித்தார். "இன்னா சாமியாரே, இதுக்குப் போய் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு? பழைய கணினி மாதிரியே நடிக்கிற மென்பொருள் ஒண்ணு இருக்குது. புது வூட்டுக்குள்ள பழைய வூட்ட அப்படியே கட்டி, அதுல இவரக் குடி வெச்சிட்லாம். ஒரு போன் போடுங்க, வர்றேன்."

நான் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் குப்பன் என்ற மலை விவசாயி இறந்தான். தை மாதம் ஊர் கூடியபோது, அவன் மரங்கள் தனக்கே என்றான் தம்பி ராமசாமி. குப்பனின் மனைவி சின்னப்பொண்ணு என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அந்தப் பொட்டில எழுதி வெச்சிருக்கீங்களே சாமி, தெறந்து பாருங்க."

"அது பழைய நிரலம்மா. புதுக் கணினியில் திறக்காது" என்றேன்.

"பொட்டியே வாயத் தொறக்கல, அப்புறம் இன்னாத்துக்கு அண்ணி பஞ்சாயத்து?" என்றான் ராமசாமி. எல்லோரும் சிரித்தார்கள். மரங்கள் அவன் கைக்குப் போயின.

திறக்க வழி உண்டென்று எனக்குத் தெரியும். ஆனால் நான் முன்னின்று நடத்தும் முருகன் கோயில் அன்னதானத்துக்கு ஆண்டுதோறும் புளி கொடுப்பவன் ராமசாமி. அவனைப் பகைத்தால் அன்னதானம் நின்றுவிடுமே என்று அஞ்சினேன். தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் பிழைப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று நண்பகல், அன்னதானப் பந்தியில் அமர்ந்தேன். புளிசாதம் வந்தது. அது அவள் மரத்துப் புளி என்று நெஞ்சு சொன்னது. இலையை மடித்துவிட்டு நேரே சங்க அலுவலகம் போனேன். விடுமுறை நாள், எவரும் இல்லை. கணினியைத் தொடங்கி அந்தப் பழைய நிரலைச் சொடுக்கினேன். திறக்கும் என்று நினைத்தல்ல. மறுப்புப் பெட்டி மறுபடி ஒருமுறை வரட்டும், நான் சொன்னது முழுப்பொய் அல்ல என்று அதுவே சாட்சி சொல்லட்டும் என்றுதான்.

பெட்டி வரவில்லை. திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் பழைய கேள்வி வந்தது: யாருடைய மரம்? குப்பன் என்று தட்டினேன். பட்டியல் ஓடியது. அச்சிடவா என்று கேட்டது, ஆம் என்றேன். தாளைக் கையில் எடுத்துத் திரும்பிப் பார்த்தபோது திரை வழக்கம்போல் இருந்தது. மறுபடி சொடுக்கினேன், மறுப்புப் பெட்டிதான் வந்தது. எத்தனை முறை சொடுக்கியும் அதேதான்.

மறுநாள் காவலூரிலிருந்து கணினி பழுதுபார்க்கும் சேகரை வரவழைத்தேன். "சத்தியமா இது இதுல ஓடாது சார். நேத்து ஓடிச்சின்னா நீங்க தூங்கிட்டீங்க" என்றார். பிறகு தாவூத் பாய் சொன்ன அந்த நடிக்கும் மென்பொருளை நிறுவி, அதற்குள் நிரலைத் திறந்தார். கால்மணி நேர வேலை. அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நான் அவளுக்குத் தர மறுத்திருந்தேன்.

அதில் குப்பனின் பெயரில் ஏழு மரங்கள் இருந்தன. என் கையிலிருந்த தாளில் எட்டு.

அதையும் அச்சிட்டு, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு குப்பனின் ஊருக்குப் போனேன். கூட்டத்தின் நடுவே நின்று, வழி தெரிந்தும் மறைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"இனிமே உங்க கோயிலுக்கு ஒரு கொட்டை புளி வராது" என்றான் ராமசாமி.

"வேண்டாமப்பா" என்றேன்.

பஞ்சாயத்துத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஏழு மரங்களையும் சின்னப்பொண்ணுக்கே திருப்பினார். கூட்டம் கலைந்தபின் அவளிடம் மட்டும் எட்டாவது பெயரைப் படித்தேன்: முத்துப்பாப்பா.

அவள் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது அவரு சாவறதுக்கு முந்தின மழையில நட்ட கன்னு சாமி. செத்துப் பொறந்த எங்க புள்ளைக்குன்னு வெச்சிருந்த பேரு. எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு யாரு சொன்னது?"

பதிவை நிறுத்தி மூன்று ஆண்டுகளுக்குப் பின் நட்ட கன்று அது. இந்தப் பங்குனியில் அவள் தன் மரங்களைத் தானே உலுக்கினாள். போன ஆண்டு விளைச்சலை மட்டும் என்னால் திருப்பித் தர முடியவில்லை. தாள் என் பூசையறையில் இருக்கிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பதிந்தவர் பெயர் இருக்கும். எட்டாவது வரியிலும் இருக்கிறது. அது என் பெயர்.

இதைப் படிக்கும் அனைவருக்கும், உண்மை சொல்லவேண்டிய வேளையில் வாயடைக்காத மனத்தை எம்பெருமான் அருள்க. உங்கள் இலையில் விழும் சோறு எவர் கண்ணீரும் படாததாகுக.