தங்கை வீட்டுப் பானை

எனலெசிக்குத் தங்கை ஃபாலெசியைப் பார்த்தால் வயிறெரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரியும்.

கசுங்கு மாவட்டத்தில் நிலம் தாய்வழியில் பெண்களுக்குத்தான். அம்மா விட்டுப்போனதை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எனலெசி தன் பங்கு முழுக்கப் புகையிலையும் மக்காச்சோளமும் போட்டு, வீட்டுக்குத் தகரக் கூரையே போட்டுவிட்டாள். தங்கை வீட்டுக் கூரை இன்னும் புல்தான். ஆனாலும் தோற்றவள் தான்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. தங்கை மகள் டோரிகா முற்றமெல்லாம் ஓடுகிறாள். அக்கா மகன் லமெக் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

எந்தப் பயிர் போடும் வீட்டில் தாயும் பிள்ளையும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய, அந்த மழைக்காலத்தில் நகரத்திலிருந்து லிண்டிவே என்ற பெண் வந்தாள். உடம்பில் ஊட்டம் இருக்கிறதா என்று பார்க்க, பிள்ளைகளின் கையில் வண்ண நாடாவைச் சுற்றி அளந்தாள். டோரிகாவுக்குப் பச்சை காட்டியது. லமெக்குக்கு மஞ்சள். உடம்பு தேறாவிட்டால் அடுத்தது சிவப்புதான் என்றாள். தன் மகனுக்கு மட்டும் நாடாவை இழுத்துப் பிடித்துவிட்டாள் என்று எனலெசி முணுமுணுத்தாள்.

பிறகு லிண்டிவே, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஃபாலெசியைக் கேட்டாள்.

"நேத்து எங்கேம்மா சாப்பிட்டோம்? பட்டினியாத்தான் படுத்தோம்."

அவள் பொய் சொல்லவில்லை. மாவு தீர்ந்திருந்தது. நசிமா என்கிற மக்காச்சோளக் களி இல்லையென்றால் அந்த ஊரில் அது சாப்பாடே இல்லை. வேறொரு நாள் என்றால் எனலெசியும் இதையேதான் சொல்லியிருப்பாள். அன்றைக்கோ, தங்கை ஏழை வேஷம் போட்டு எதையோ கறக்கப் பார்க்கிறாள் என்று தோன்றிவிட்டது.

"பொய் சொல்றா. காலைல ஓடைக்கரை சர்க்கரைவள்ளி அவிச்சா. மத்தியானம் பூசணிக் கீரையில வேர்க்கடலைப் பொடி போட்டு ஆக்கினா. அப்புறம் பப்பாளி. பொழுது சாயறப்போ பீன்ஸு, பிள்ளைக்கு மட்டும் முட்டை. வாசனை என் மூக்குக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் சாப்பாடாக்கா? சும்மா கொறிச்சது" என்றாள் ஃபாலெசி, வெட்கத்தோடு.

லிண்டிவே ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டாள். இத்தனை வகை சாப்பிடும் பிள்ளையை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை என்று மனம்விட்டுப் பாராட்டினாள். தன் வாயாலேயே தங்கைக்கு மாலை போட்டுவிட்டோமே என்று எனலெசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க லமெக் என்ன சாப்பிட்டான்க்கா?"

"மூணு வேளையும் நசிமா. வயிறு முட்ட." தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள்.

"தொட்டுக்க?"

தங்கை வீட்டு முட்டைவரை தெரிந்தவளுக்குத் தன் மகனுக்கு எதைத் தொட்டு ஊட்டினோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

"வெண்டைக்காய்" என்றாள் கடைசியில். "முந்தாநாள் ஆக்கினது."

லிண்டிவே போன பிறகு எனலெசி கத்தியோடு தங்கையின் ஓடைக்கரைத் தோட்டத்துக்குப் போய், நடுவதற்கு வள்ளிக்கொடி வேண்டும் என்றாள். கேட்கும்போதே உடம்பெல்லாம் கூசியது. ஃபாலெசி வெட்டிக் கொடுத்த கொடிகள் மெலிந்தவையாகத் தெரிந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, தானே குனிந்து தடித்த கொடிகளாகப் பார்த்து வெட்டினாள்.

"இவ்வளவும் எங்கேக்கா வைக்கப் போற? உன் நிலத்துலதான் இடமே இல்லையே."

"புகையிலையைப் பிடுங்கிட்டு வைக்கிறேன். எம் மவன் உன் மவளை முந்திக்கிட்டு ஓடணும்டி."