முதல் வரியில் மஞ்சள்

மளிகைக் கடை வேலையில் மாதத்துக்கு ஏழு நாள்தான் கஷ்டம் என்பார்கள். அந்த ஏழு நாளும் ஒன்றாம் தேதியில் ஆரம்பித்து மூச்சு விடாமல் வரிசையாக வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பாகூரில் ஒரு மளிகைக் கடையில் பன்னிரண்டு வருஷமாக நான் லிஸ்ட் போடுகிறேன். லிஸ்ட் போடுவது என்றால் எழுதுவது இல்லை. ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போகிற மாதச் சாமான் லிஸ்டைப் பார்த்து, ஒவ்வொன்றாக எடை போட்டு, கவரில் கட்டி, டிக் அடித்து, கடைக்காரர் கொடுக்கிற பச்சைக் கட்டைப்பையில் அடுக்கி, சுவரோரமாக வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை மளிகை வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதி என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். வாங்குகிறவர்களுக்கு நிம்மதிதான். கட்டுகிறவளை யாராவது கேட்டீர்களா? கல்லாவுக்கு உள்பக்கம் நின்று கால் வலித்தவர்களும், வெளிப்பக்கம் நின்று கத்தித் தொண்டை வலித்தவர்களும் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். போன மாதம் முதல் வாரத்தில் நடந்த கூத்து இது.

அந்த வாரம் எனக்குச் சொந்தமாக ஒரு கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் வில்லியனூர் லேபில் இவள்கூட வேலை செய்கிறவன். இரண்டு பேருக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மாவுக்குத்தான் அரை மனசு. "வூட்டை ஒரு தரம் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்" என்றாராம். ஒரு பொம்பளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எங்கள் அடுப்படி லட்சணம் எனக்குத் தெரியாதா! கடையில் வேலை செய்கிறோமே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்றன்றைக்குக் கைப்பிடி பருப்பும் கால் லிட்டர் எண்ணெயுமாகவே காலத்தை ஓட்டிவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலையில் நான் செருப்பு மாட்டும்போது நித்யா வந்து நின்றாள். "அம்மா, ஊருக்கே மாசச் சாமான் கட்டுற. இந்த மாசமாச்சும் நம்ம வூட்ல சக்கர, ரவ எல்லாம் இருக்கணும். அந்தம்மா கேசரி சாப்ட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்."

புதன்: லேசான பை

எங்கள் பக்கத்தில் மாத லிஸ்டின் முதல் வரி மஞ்சள்தான். வீட்டில் மஞ்சள் தீராமல் கிடந்தாலும் சரி, மங்கலமாக ஆரம்பிக்க வேண்டும் என்று அதைத்தான் முதலில் எழுதுவார்கள். எழுதினால் போதாது, பையிலும் அதுதான் முதலில் விழ வேண்டும். ஒரு முறை அவசரத்தில் உளுந்தை முதலில் போட்டுவிட்டேன் என்று பையையே கவிழ்த்து மறுபடி போடச் சொன்னவர்கள் உண்டு. நான் மட்டும் லேசுப்பட்டவளா? என் வீட்டுப் பைக்கும் அதே சட்டம்தான்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் என் ஸ்டூல் பக்கத்தில் ஒரு பச்சைப் பையை வைத்து, கடவுளே என்று ஒரு மஞ்சள் தூள் பாக்கெட்டைப் போட்டேன். இரண்டாவது வரி சர்க்கரை. மூட்டையில் கையை விடுவதற்குள், "செல்வி, இந்த லிஸ்ட் அவசரம்!" என்றார் ஓனர் அண்ணன். அது முடிந்தால் இன்னொரு அவசரம். ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் மாணிக்கம் கொத்தனார் வேலை முடிந்து வண்டியில் வந்தார். நான் உள்ளே எண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூல் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், பைக்குள் ஒரே ஒரு மஞ்சள் பாக்கெட் படுத்திருக்கிறது! தூக்கும்போதே தெரியலையா என்று கத்தினேன். அவர் அசரவே இல்லை.

"லேசாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு விக்கிற விலைக்கு இவ்ளோதான் வரும்போலன்னு நெனச்சிக்கினேன்."

வியாழன்: அதே மாதிரி

குருவிநத்தத்து ஜெயா அக்காவுக்குக் கரும்பும் நெல்லும் உண்டு, ஆள் படை உண்டு, லிஸ்ட் எழுதுகிற பழக்கம் மட்டும் கிடையாது. மாதா மாதம் போன் வரும். "போன மாசம் மாதிரியே போட்டுடு." போன மாதம் அவர் பேரனுக்குக் காது குத்து. பருப்பே எட்டுக் கிலோ போயிற்று. அதைச் சொன்னேன். "அட, அது விசேஷத்துக்குடி. அதுக்கு முந்தின மாசம் மாதிரி போடு" என்றார். முந்தின மாதம் அவர்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், ஒரு கடுகு கூட வாங்கவில்லை. அதற்கும் முந்தின மாதத்துச் சீட்டைத் தேட நான் எங்கே போவது?

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வேறு ஒருத்தருக்கு மிளகாய் எடை போட்டபடி, தும்மிக்கொண்டே இருபது நிமிஷம் பேசினேன். அக்கா, அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து பாருங்கள், எது இல்லையோ அதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு வந்ததே கோபம்!

"டப்பாவத் தெறந்து பாக்க நேரம் இருந்தா, நான் ஏன்டி உன்கிட்ட போன மாசம் மாதிரி போடுன்னு சொல்லப்போறேன்?"

அன்றைக்கும் என் பையில் மஞ்சள் விழுந்தது. அன்றைக்கும் மாணிக்கம் ஆறு மணிக்கு வந்தார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளி: லோகு அண்ணனின் கேமரா

கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற லோகு அண்ணன் ஐம்பது பேரை மேய்க்கிறவர். பொண்டாட்டி எழுதிக் கொடுத்த லிஸ்டோடு எங்கள் கடைக்குள் நுழைந்தால் மட்டும் பச்சைக் குழந்தை. கையெழுத்து புரியாது. உடனே வீடியோ கால். துவரம் பருப்பைக் காட்டுவார், "இதுவா?" போனுக்குள்ளிருந்து, "அது இல்ல, பக்கத்துல." கடலைப் பருப்பைக் காட்டுவார். "ஐயோ, அந்தப் பக்கம்!" அவர் திரும்பும்போது கேமராவில் என் மூஞ்சி விழும். வெள்ளிக்கிழமை அதுவுமாகப் பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள், இவர் புளிக்கு மட்டும் கால் மணி நேரம் படம் பிடித்தார்.

லிஸ்டை என்கிட்ட கொடுங்க அண்ணே, நானே அண்ணிகிட்ட கேட்டுப் போட்டுடறேன் என்றேன். கொடுத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் எத வாங்கினாலும் தப்புதாம்மா. எது தப்புன்னு வூட்டுக்குப் போனாத்தான் தெரியும்."

வெள்ளியேதான்: டீச்சரின் விரதம்

டீச்சர் ஒருத்தர் இந்த மாதத்திலிருந்து மாதம் ஒரே தடவைதான் கடைக்கு வருவேன் என்று முடிவெடுத்திருந்தார். அப்படி வாங்கினால் வீண் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று ஒன்றாம் தேதி கல்லா முன்னால் நின்று எல்லோருக்கும் வகுப்பே எடுத்தார். இரண்டு பக்க லிஸ்ட், வரிசை எண் போட்டு. கட்டிக் கொடுத்தேன். இரண்டாம் தேதி பெருங்காயத்துக்கு வந்தார். மூன்றாம் தேதி காலையில் சோப்பு. சாயந்திரம் நான் என் பையில் அன்றைய மஞ்சளைப் போட்டுவிட்டுச் சர்க்கரை மூட்டையைப் பிரிக்கும் நேரத்தில், "செல்வி, கொஞ்சம் வெந்தயம்" என்று நிற்கிறார்.

எனக்கு எங்கிருந்து பொறுமை வரும்? டீச்சர், மாசம் ஒரு தரம்தான் வாங்குவேன்னீங்களே என்று கேட்டே விட்டேன். கூச்சமே இல்லாமல் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"வாங்கறது ஒரு தரம்தான். இது வாங்கறது இல்ல, விட்டுப்போனது."

சனி: மல்லிகாவின் கேள்வி

பனித்திட்டு மல்லிகா பாகூரில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு பதினோரு மணிக்குக் கடைக்கு வருவாள். அன்றைய குழம்புக்கு வேண்டிய புளி, மிளகாய்த் தூள், எண்ணெய், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் போய்விடுவாள். மாச லிஸ்ட் ஒண்ணு போட்டுத் தரட்டுமா, தினம் வர வேணாமே என்று வாயைக் கொடுத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சுவரோரமிருந்த பைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடல் எனக்கு மாசத்துக்கு ஒரு தரமா மீன் குடுக்குது? அன்னன்னைக்கு விக்கிறேன், அன்னன்னைக்கு வாங்குறேன். என் வூட்ல இன்னைக்குக் கொழம்பு கொதிக்கும். உன் வூட்ல இன்னா கொதிக்கும், சொல்லு?"

சுருக்கென்று தைத்தது. ரோஷத்தோடு எழுந்தேன். ஓனர் அண்ணன் கூப்பிட்டார், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள், சர்க்கரை, ரவை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், காபித் தூள், கடலை மாவு என்று என் வீட்டு லிஸ்ட் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டி, பையின் வாயைக் கயிறு போட்டு இறுக்கி, சுவரோரம் வைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை! அப்புறம்தான் ஸ்டூல் பக்கத்தில் ஜெயா அக்காவுக்குப் பை எடுத்துவைத்து, முதல் வரியை, அதாங்க மஞ்சளை, போட்டேன்.

ஞாயிறு: மேல் அடுக்கு

காலையில் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, நித்யாவுக்குத் தலை பின்னி, வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டு, முந்தின ராத்திரி மாணிக்கம் கொண்டுவந்து வைத்திருந்த பையை அப்போதுதான் திறந்தேன். உள்ளே ஒரு மஞ்சள் பாக்கெட்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெயா அக்கா. ஜென்மத்தில் என்னைப் பாராட்டாதவர், அன்றைக்கு வாயெல்லாம் பல். "செல்வி, நேத்து ஆட்டோவுல சாமான் வந்துச்சு. முந்திரி, நெய்யெல்லாம் நான் கேக்காமலே போட்டிருக்க. இனிமே போன மாசம் மாதிரி வேணாம், இந்த மாசம் மாதிரியே போடு!" நடந்தது புரிந்துவிட்டது. நான் உள்ளே போயிருந்த நேரத்தில் குருவிநத்தத்துப் பை எது என்று ஆட்டோக்காரர் கேட்டிருப்பார். கட்டி வைத்திருக்கிற பையை ஓனர் அண்ணன் கை காட்டியிருப்பார். ஸ்டூல் பக்கத்துப் பையைத் தூக்கிவர என் வீட்டில்தான் ஒரு மகாராஜா இருக்கிறாரே!

அன்றைக்கு எங்கள் கடை லீவு. மாணிக்கத்தை மெயின் ரோட்டுக்கு விரட்டினேன், ரவையும் சர்க்கரையும் எங்கே கிடைத்தாலும் வாங்கி வாருங்கள் என்று. அவர் தெருமுனை திரும்பவும் பையன் வீட்டுக் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால்! நித்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக் கூடாது. அழுகையை அடக்கிக்கொண்டு, "ஒரே ஒரு மாசம் கேட்டேன்மா" என்றாள்.

பழைய சர்க்கரை கொஞ்சமாவது இருக்குமா என்று மேல் அடுக்கில் டப்பாவை இழுத்தேன். டப்பா வரவில்லை. மாதா மாதம் என் பை முதல் வரியோடு நின்றுபோய், அதற்குப் பின்னால் நான் சொருகி வைத்திருந்த மஞ்சள் பாக்கெட்டுகள்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையில் விழுந்தன. திரும்பினால், குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த பையனின் அம்மா நிலைப்படியில் நிற்கிறார். ஒரு பாக்கெட் உருண்டு போய் அவர் காலடியில் கிடந்தது. "இன்னாம்மா இது, மஞ்சள் மண்டியா?" என்றார்.

பொய் சொல்லத் தெம்பு இல்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் வரியைத் தாண்டாத என் பையை, மாணிக்கத்தை, ஜெயா அக்கா தின்கிற முந்திரியை, எல்லாவற்றையும். அந்தம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. குனிந்து பாக்கெட்டுகளைப் பொறுக்கி மேடையில் அடுக்க ஆரம்பித்தார். அப்போது என் போன் அலறியது. வீடியோ கால். மாணிக்கம் இரண்டு பாக்கெட்டைக் கேமராவில் ஆட்டி, "செல்வி, ரவ ரெண்டு தினுசு இருக்குது, எது?" என்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அந்தம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"எதுவா இருந்தாலும் சரி, வாங்கிக்கினு சீக்கிரம் வாங்க சம்பந்தி. கேசரி சாப்பிடாம நான் எழுந்திருக்கப் போறது இல்ல."

சம்பந்தி! கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நித்யா வாயைப் பொத்திக்கொண்டு தேம்பியது எனக்குக் கேட்டது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தம்மா கடைசிப் பாக்கெட்டையும் அடுக்கி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வூட்டு அலமாரியும் இதே கதிதான். விடுங்க, கல்யாணச் சாமான் லிஸ்ட்ல மொத வரிய நீங்களே வாங்கி முடிச்சிட்டீங்க. ரெண்டாவது வரியிலேர்ந்து நாம எழுதலாம்."

எழுதப்போவது இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து, கட்டப்போவது மட்டும் வழக்கம்போல நான் ஒருத்திதான், அதிலும் அவர்கள் பார்த்துவைத்திருக்கிற முகூர்த்தத்துக்குச் சாமான் எடுக்க வேண்டிய நாள் ஒன்றாம் தேதி!