மூன்றாம் ஓலை

லாரன்ஸ் உபதேசியாரின் குரல் கணீரென்று இருக்கும். மைக் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயிலின் கடைசி வரிசைவரை கேட்கும். அந்தக் குரல் அன்றைக்கு நடுவில் ஒருமுறை இடறியது. அவர் தன் மகன் ஆனந்தராஜின் கல்யாண ஓலையை வாசித்துக்கொண்டிருந்தார். அது இரண்டாம் ஓலை.

செஞ்சி ஊரின் ஓரத்தில், சாயங்காலமானால் ராஜகிரி மலையின் நிழல் வந்து விழும் தெருவில் நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு சின்ன அந்தோணியார் கோயில். பங்குச்சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது என்று எல்லாம் உபதேசியார் வேலை. கல்யாண ஓலை வாசிப்பதும் அவர்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று மூன்று ஞாயிறு சபையறிய வாசிக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி வரும். இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடமோ உபதேசியாரிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடமாக வாசிக்கிற வரி அது. அந்த வரியில்தான் குரல் இடறியது.

ஆனந்தராஜுக்கு இருபத்தெட்டு வயது. எலக்ட்ரீசியன். கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு வருடமாகக் குடி. முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தான், பிறகு தினமும், பிறகு காலையிலேயே. போன தை மாதம் அவனை விழுப்புரம் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். தெருவில் கேட்டவர்களுக்கு ஓசூரில் வேலை என்று சொன்னாள் அவன் அம்மா சலேத்மேரி. லாரன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. மனைவி சொன்னபோது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மையத்திலிருந்து வந்து இரண்டு மாதம் நன்றாக இருந்தான். ஆடி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு கல்யாணம் பண்ணி வச்சிட்டா சரியாயிடுவான்" என்றாள் சலேத்மேரி. இந்தப் பேச்சைத் தெருவில் எத்தனையோ பேர் வாயில் லாரன்ஸ் கேட்டிருக்கிறார். கேட்டு, "ஒரு பொண்ணு இன்னா ஆஸ்பத்திரியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். சொந்த வீட்டில் கேட்டபோது சத்தம் வரவில்லை.

பெண் அனந்தபுரத்துக்காரி, அருள்ஜோதி. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அப்பா இல்லை. அம்மா சவரியம்மாள் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, லாரன்ஸை மட்டும் வாசல் பக்கம் அழைத்துப் போய் மெல்லக் கேட்டாள்.

"உபதேசியாரே, எனக்கு விசாரிக்க ஆம்பள தொண கெடையாது. உங்களையே கேக்கறன். பையன் எப்பிடி?"

"எம் பையன்மா" என்றார் லாரன்ஸ்.

சவரியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. உபதேசியார் மகன் என்றால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? குடிக்கமாட்டார், பொய் சொல்லமாட்டார், வீட்டை ஒழுங்காக வைத்திருப்பார், அதனால்தானே அவர் உபதேசியார். லாரன்ஸ் பொய் எதுவும் சொல்லவில்லை. அவள் எதை நம்பினாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் ஓலை வாசிப்பதற்கு முன்னால், சுற்றிவளைத்துச் சாமியாரிடம் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். "சாமி, மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இருக்குதுன்னா அது தடையில வருமா?"

"சட்டப்படி தடை இல்ல உபதேசியாரே. ஆனா மறைக்கக் கூடாது. யாரு, நம்ம தெருவா?"

"இல்ல சாமி, சும்மா கேட்டன்."

முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு ஓலையையும் வாசித்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கும்போதும் அந்த வாசல் பேச்சுதான் காதில் கேட்டது. சனிக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டி அருகே பல் விளக்கிக்கொண்டிருந்த மகனிடம் போய் நின்றார்.

"நான் அனந்தபுரம் போறன்டா. அந்தம்மாகிட்ட சொல்லிடப் போறன்."

ஆனந்தராஜ் வாயைக் கொப்பளித்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"கோயில்லயும் சொல்லுவீங்களா நைனா? காஸ்பர் மாமா பையனுக்குச் சொன்ன மாதிரி?"

உள்ளிருந்து சலேத்மேரி ஓடி வந்தாள். "ஊரு புள்ளைங்கள ஒழுங்குபடுத்தனது போதாதா? பத்திரிகை வச்சாச்சி. சொல்லிட்டு இந்த வூட்டுக்கு வராதீங்க, ஆமா!"

லாரன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்றைக்கு அமாவாசை. இருந்த வண்டியெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷலாகப் போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழ மாலைக்காரர்களும் மஞ்சள் புடவைக்காரர்களும் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அனந்தபுரம் வண்டி வரவேயில்லை. முக்கால் மணி நேரம் நின்றார். பஸ் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு சுகமாக வந்தது. அடுத்த வாரம் என்றால் மூன்றாம் ஓலை முடிந்திருக்கும்.

திரும்பி நடந்தவரின் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவன் காஸ்பர்.

ஏழு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. காஸ்பரின் மகன் இருதயராஜுக்கும் இதே குடிதான். அவனுடைய மூன்றாம் ஓலையன்று லாரன்ஸ் தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்து, "டாஸ்மாக் வாசல்ல விழுந்து கெடக்கறவனுக்கு என் வாயால ஓலை வாசிக்கமாட்டன்" என்றார். ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த இருதயராஜ் எழுந்து வெளியே போனான். அன்று மதியமே திருப்பூருக்கு பஸ் ஏறியவன் இன்றுவரை தெருவுக்குள் வரவில்லை. உபதேசியார் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரே சொன்னது. ரொம்ப நாள்வரை அந்தப் புகழ்ச்சி லாரன்ஸுக்கு இனித்தது.

"அனந்தபுரமா?" என்றான் காஸ்பர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஏறுங்க. இன்னிக்கி ஆத்தா பஸ்ஸெல்லாம் அள்ளிக்கினு போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் நின்னாலும் கெடைக்காது."

பின்சீட்டில் யாரும் இல்லை. லாரன்ஸ் ஏறினார். ஊர் தாண்டியதும் காஸ்பர் கேட்டான்.

"சம்பந்தி வூட்டுக்கு விருந்தா?"

"உனக்குத் தெரியும் காஸ்பரு."

"தெரியும்தான். உம்ம புள்ளைய எத்தனை வாட்டி இந்த சீட்டுல தூக்கிப் போட்டுக்கினு வந்து வாசல்ல எறக்கியிருப்பன்? விழுப்புரம் ஓசூர்ல இருக்குதுன்றது எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்."

லாரன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் நீ வந்து சொல்லல? ரெண்டு ஓலை வாசிச்சனே."

"யாருகிட்ட வந்து சொல்றது? உபதேசியார்கிட்ட சொல்லுன்னுதானே படிக்கறீங்க?" காஸ்பர் சிரித்தான். அதில் சிரிப்பு இல்லை. "ரெண்டு வாட்டியும் எழுந்து நின்னுடலாம்னு இருந்தது. நின்னா இன்னா ஆவும்? உம்ம புள்ள கதையோட எம் புள்ள கதையும் மறுபடி எல்லார் வாயிலயும் வரும். அதான் குந்திக்கினே இருந்தன்."

"அந்தம்மாகிட்ட சொல்லத்தான் போறன். நாளைக்கி கோயில்லயும் சொல்லிடறன். உன் புள்ளைக்கு ஒரு நாயம், என் புள்ளைக்கு ஒரு நாயம்னு இருக்கக் கூடாது."

காஸ்பர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க. ஊரு இன்னும் பெருசா கை தட்டும். பெத்த புள்ளையவே வுடலியே, இவருதான்யா மனுஷன்னு சொல்லும். உமக்கு அது ஒரு மாலை. அந்தப் பையன் சாயங்காலம் எந்த ஊருல இருப்பான்னு யோசிச்சீரா?"

லாரன்ஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார். காஸ்பர் விடவில்லை.

"எம் புள்ளையப் பத்தி நீங்க சொன்னது பொய்யில்ல. அத பொய்யின்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல. முந்தின நாளு என் வூட்டு வாசல்ல வந்து, காஸ்பரு, இந்தக் கல்யாணம் வாணாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? நாலு வூடு தள்ளி இருந்தீங்க. மைக்குகிட்ட போனவரு, என் வாசலுக்கு வரல."

மறுபடி வண்டியைக் கிளப்பினான். அனந்தபுரத்தில் சவரியம்மாள் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டான்.

சவரியம்மாள் மிச்சப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து, "வாங்க சம்பந்தி" என்று நாற்காலியைத் துடைத்தாள். லாரன்ஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வருடக் குடியையும் விழுப்புரத்து மூன்று மாதத்தையும் மறைக்காமல் சொன்னார். ஆடியில் மறுபடி தொடங்கியதையும் சொன்னார். எதற்கும் காரணம் சொல்லவில்லை.

சவரியம்மாள் மஞ்சள் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஊரெல்லாம் பத்திரிகை வச்சிட்டனே... உங்கள நம்பித்தானே... எம் பையன்மான்னு சொன்னீங்களே..."

அருள்ஜோதி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆரம்பத்துலயே தெரியும்மா."

"அப்ப ரெண்டு ஓலையும் தெரிஞ்சேதான் படிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"எப்பிடி மாமா படிக்க முடிஞ்சிது?"

மாமா என்று அவள் கூப்பிட்டதுதான் அவரை அறைந்தது. சட்டப்படி தடையில்லை என்று சாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை வாயில் எடுக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பயம்மா" என்றார். "எம் பேரு போயிடும்னு பயம். அவன் இன்னும் கெட்டுப்போயிடுவானோன்னும் பயம். எது முதல்லன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

அவள் உள்ளே போய், நிச்சயத்துக்குக் கொடுத்த புடவையை எடுத்துவந்து நாற்காலியில் வைத்தாள். "நீங்க சொல்லாம வுட்டிருந்தா எனக்காக யாரு வந்து கேட்டிருப்பா?" என்று மட்டும் கேட்டாள். அது நன்றியா குற்றச்சாட்டா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, காஸ்பர் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவரைக் கேட்காமலே வண்டியைத் திருப்பினான்.

வரும் வழியில் லாரன்ஸ் சாமியாருக்குப் போன் செய்தார். இந்த முறை சுற்றிவளைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, வேறு உபதேசியாரைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். "நாளைக்கு ஜெபத்த நடத்துங்க. புதன்கிழமை நான் வரேன், உக்காந்து பேசுவோம்" என்றார் சாமியார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, விலக்கியதாகவும் சொல்லவில்லை.

வீட்டில் சலேத்மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். ஆனந்தராஜ் இல்லை.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. உபதேசியார் மகனின் மூன்றாம் ஓலை என்று பட்டுப்புடவை கட்டி வந்தவர்களும் இருந்தார்கள். ஜெபம் பாதி ஆனபோது ஆனந்தராஜ் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், தோளில் ஒரு பையோடு நின்றான். கண் சிவந்திருந்தது. ஆனால் நேராக நின்றான்.

ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. லாரன்ஸ் மேடைக்கு வந்து ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கையில் தாள் இல்லை.

"ஆனந்தராஜ், அருள்ஜோதி கல்யாணத்துக்கு மூணாம் ஓலை கெடையாது. கல்யாணம் நின்னுபோச்சி. பொண்ணு மேல எந்தக் குத்தமும் இல்ல. சொல்ல வேண்டியத சொல்லாம ரெண்டு ஓலை படிச்சது என் தப்பு."

முன்வரிசையில் கிசுகிசுப்பு எழுந்தது. "ஏன் உபதேசியாரே, இன்னா ஆச்சி?" என்றார் வயதான ஒருவர், சத்தமாகவே.

"அது அந்த ரெண்டு வூட்டு விஷயம். கேக்காதீங்க."

"அப்போ இருதயராஜு விஷயம் மட்டும் ஊரு விஷயமா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று தெரியவில்லை.

லாரன்ஸின் பார்வை தூணோரம் உட்கார்ந்திருந்த காஸ்பரிடம் போனது. "அன்னிக்கி அப்பிடி நான் பேசியிருக்கக் கூடாது. அந்தப் புள்ளைய இந்த எடத்துல வச்சி அவமானப்படுத்தனன். இதே எடத்துல சொல்றன், அது பாவம்" என்றார். காஸ்பர் தலை நிமிரவில்லை. விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரன்ஸ் மன்றாட்டுப் புத்தகத்தை விரித்தார். ஐந்து மன்றாட்டுகள் இருந்தன. இரண்டாவதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசற்படியில் ஆனந்தராஜ் இல்லை.

ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாற்பது குடும்பங்கள் அடுத்த மன்றாட்டுக்காகக் காத்திருந்தன. சலேத்மேரி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அப்போது தூணோரத்திலிருந்து காஸ்பர் எழுந்தான். யாரையும் பார்க்காமல், பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. வண்டி திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகம் எடுத்தது. சத்தம் தேய்ந்து காணாமல் போகும்வரை லாரன்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மூன்றாவது மன்றாட்டைத் தொடங்கினார். வரி எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொன்னார். கடைசி வரிசைக்கு அன்று கேட்கவில்லை.