குரலில்லாமல் கேட்ட மன்னிப்பு

சுகாசினிக்குத் தைராய்டு கட்டி எடுத்த ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரல் நரம்பு ஒன்று வேலை செய்யவில்லை, சிலருக்குத் தானாகத் தேறும், சிலருக்குத் தேறாது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் அவள் விற்பனைப் பிரிவில் இருந்தாள். கல்யாண ஜவுளி எடுக்கக் கூட்டமாக வந்தால் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார். எந்தப் பெண்ணுக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று பேசிப் பேசியே புடவையைத் தலையில் கட்டிவிடுவாள். இப்போது, "கொஞ்ச நாள் மேலயே இரும்மா" என்று மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்குவதுதான் வேலை.

வீட்டில் அதைவிடக் கொடுமை. கணவன் ஜோசுவா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இன்ஜின் சத்தத்திலேயே இருந்து காது பாதி மந்தம்.

"இன்னா? இன்னா சொல்ற? கிட்ட வந்து சொல்லு."

குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்பதற்குள் அவளுக்குத் தொண்டை எரிந்தது. ஒருநாள் கரண்டியைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு அடுப்படியை விட்டே வெளியேறினாள். மளிகைக்கடையில் பின்னால் வந்தவர்கள் முன்னால் வாங்கிப் போனார்கள். போனை எடுத்தால், "அலோ, அலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்கள்.

யாரோ சொன்னார்கள் என்று ஊருக்கு வெளியே நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனாள். பிரசங்கியார் அவளை மேடைக்கு அழைத்து, தலையில் கைவைத்து ஜெபித்து, மைக்கை வாயருகே நீட்டினார்.

"விசுவாசத்தோட சொல்லு தங்கச்சி. அல்லேலூயா!"

ஸ்பீக்கரில் புஸ்ஸென்று காற்று வந்தது.

"இன்னும் சத்தமா!"

கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். மறுபடி காற்று. அவர் கூட்டத்தைப் பார்த்து, "இந்தச் சகோதரிக்கு விசுவாசம் பத்தல, எல்லாரும் ஜெபிங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் வீசினாள். சத்தம் போட்டு அழக்கூட முடியாத ஆத்திரம் அது.

ஆனால் உள்ளே வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் கடையில் ஒரு பட்டுப்புடவை காணாமல் போனது. கூட வேலை பார்த்த அம்சவேணி பையோடு போனதைப் பார்த்தேன் என்று சுகாசினி சொன்னாள். அவள் பார்க்கவே இல்லை. அந்த வாரம் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்றை அம்சவேணி தட்டிக்கொண்டு போன வயிற்றெரிச்சல். அன்றைக்கே அம்சவேணியைத் திருடி என்று துரத்திவிட்டார்கள். பிறகு அலமாரியை நகர்த்தியபோது புடவை சுவரோரம் விழுந்து கிடந்தது. முதலாளி பேசாமல் இருந்துவிட்டார். சுகாசினியும் இருந்துவிட்டாள்.

பொய் சொன்ன வாய்க்குத்தான் இந்தத் தண்டனையோ என்று தன் சபைப் போதகர் யேசுதாஸிடம் போனில் எழுதிக் காட்டிக் கேட்டாள்.

"கர்த்தர் அப்படிப் பழி தீர்க்கறவர் இல்லம்மா," என்றார் அவர். "உன் நரம்பு வேற, உன் பாவம் வேற. ரெண்டையும் அவர்கிட்ட எடுத்துக்கினு போ. ஆனா பேரம் பேசாத."

அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தண்டனை என்று சொல்லியிருந்தால் அனுபவித்துத் தொலைத்திருக்கலாமே.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், பெரும்பாடு என்ற தீராத உதிரப்போக்கு உள்ள பெண் கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட கதையை வாசித்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது: அந்தப் பெண்ணும் கத்தவில்லை. சத்தமே இல்லாமல் தொட்டாள். ஆனால் இயேசு அவளை அப்படியே நழுவிப் போக விடவில்லை. முன்னால் வரவைத்து உண்மையைச் சொல்ல வைத்தார்.

எல்லோரும் போனபின் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டாள். "ஆண்டவரே, கேக்கறதுக்கு எனக்குத் தகுதி இல்ல. குரலைக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, அந்தப் பொய்ய மன்னிச்சிடும்" என்று உதடுகள் அசைந்தன. உடனே நிறுத்தினாள். "இல்ல, இதுவும் பொய். எனக்குக் குரல் வேணும். ஆனா முதல்ல மன்னிப்பு." நெற்றியைத் தரையில் வைத்து வெகுநேரம் அழுதாள். எழுந்தபோது தொண்டை அப்படியே இருந்தது. நெஞ்சில் இருந்த கல் மட்டும் இல்லை. எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருந்தது.

அம்சவேணி ஐயம்பேட்டையில் டிபன் கடை வைத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் சுகாசினி போனபோது கிரைண்டரில் மாவு அரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் பார்த்தேன்னு சொன்னது பொய்க்கா."

"இன்னா? கேக்கலியே. சத்தமா சொல்லேன்!"

மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்தும் சொல்லமுடியாத கோபத்தில் சுகாசினி தானே போய் கிரைண்டரை நிறுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், புடவை கிடைத்தது வரைக்கும்.

அம்சவேணி மாவுக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"என் மாமியா சாவற வரிக்கும் என்னைத் திருடின்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. இப்ப உனக்குக் குரல் போனதும் ஓடியாந்துட்டியா? குரல் வரணும்னுதானே வந்த?"

"அதுக்காவும்தான்" என்றாள் சுகாசினி.

அந்தப் பதிலை அம்சவேணி எதிர்பார்க்கவில்லை. "அப்ப பட்டுக்கடைக்கு வா. அங்க எல்லார் எதிர்லயும் சொல்லு."

சொன்னாள். அந்த வாரமே, கடை திறந்ததும், அம்சவேணி பக்கத்தில் நிற்க, முதலாளியையும் விற்பனைப் பெண்களையும் அருகில் கூப்பிட்டு, காற்றுக் குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர்கள் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்கள். முதலாளி முகம் கறுத்துப் போய், அம்சவேணியைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்.

"உங்க வேல எனக்கு வேணாம். நான் திருடல, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

மழைக்காலத்தில் சுகாசினிக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கரகரவென்று, பாதியில் உடைகிற குரல். சபையின் பாடகர் குழுவில் பாடிவந்தவளுக்கு இனி அங்கே இடமில்லை. நரம்பு தேறிவிட்டது என்றார் டாக்டர். அவள் அவருக்கும் நன்றி சொன்னாள், ஆண்டவருக்கும் சொன்னாள்.

ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அம்சவேணிதான் இன்னும் மன்னிக்கவில்லை. "வயிறு இன்னும் எரியுது, பொய் சொல்லமாட்டேன்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். ஆனாலும் ஐயம்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் சுகாசினி அந்தக் கடைக்குப் போகிறாள். சில நாள் அம்சவேணி முகம் கொடுத்துப் பேசுகிறாள். சில நாள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.